கிராஃபிக் டிசைன் வரலாறு: எல்லையோரப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

பலகைக்காரர் மகன் (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாலக்காட்டுப் பக்கம், கேரள-தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்க ஊர் வாசகசாலையில அடுத்த மாசம் பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்காங்க. கிராஃபிக் டிசைன் எப்படி வந்துச்சு, எப்படி வளர்ந்துச்சுங்கிறதுதான் தலைப்பு. எட்டாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க. பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாளம் மீடியம்.

எங்கப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். வேலந்தாவளத்துல இருந்து பாலக்காட்டுச் சித்தூர் வரைக்கும் அரிசி மில், சைக்கிள் கடை, கோயில் கமிட்டி, பால் சொசைட்டி எல்லாத்துக்கும் எழுதினவர். கேரளாப் பக்கம் மேல மலையாளம், கீழ தமிழ். செக்போஸ்ட் தாண்டினா மேல தமிழ், கீழ மலையாளம். 2006-ல நான் ஃபிளெக்ஸ் மெஷின் வாங்கிப் போட்ட அன்னைக்கு அப்பா பிரஷ்ஷெல்லாம் மண்ணெண்ணெயில கழுவி, துணியில சுத்தி பீரோ மேல வெச்சுட்டார். 2019-ல கேரள அரசு ஃபிளெக்ஸைத் தடை பண்ணினதுக்கப்புறம் நான் துணியில அடிச்சுக் கொடுக்கிறேன்.

பேச்சுக்காக நெட்டுல தேடினேன். எங்க பார்த்தாலும் ஒரே வரிசைதான் வருது: குகை ஓவியம், அச்சு போட்ட குட்டன்பெர்க், பௌஹவுஸ் பள்ளி, ஹெல்வெட்டிகா எழுத்துரு, மேக்கிண்டாஷ் கம்ப்யூட்டர், போட்டோஷாப். தப்புன்னு சொல்லலைங்க. ஆனா இந்த வரிசையை அப்படியே ஒப்பிச்சா எங்க பிள்ளைங்க வேற யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தையோ புரட்டுற மாதிரி பார்த்துட்டுப் போயிருவாங்க. தினமும் ரெண்டு மூணு எழுத்துக்கு நடுவுல வாழ்ற பிள்ளைங்க இவங்க. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

கட்டம் போடுபவன் (குப்பம், இப்போது பெங்களூரு)

அண்ணா, நான் ஆப் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் குப்பம். என் யோசனை: அந்த வரிசையைப் பயப்படாமல் சொல்லுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் நம் எழுத்தோடு உரசிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓர் உதாரணம். பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளி 1919-ல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கி, 1933-ல் நாஜிகளின் நெருக்கடியில் மூடப்பட்டது. அங்கே ஹெர்பர்ட் பாயர் 1925-ல் ஒரு எழுத்துரு வரைந்தார். அதில் பெரிய எழுத்தே கிடையாது, சின்ன எழுத்து மட்டும்தான். ஒரே ஒலிக்கு எதற்கு இரண்டு வடிவம் என்பது அவர் கேள்வி. ஐரோப்பாவில் அது பெரிய கலகம். தமிழிலோ மலையாளத்திலோ தெலுங்கிலோ பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே தலைப்பைத் தூக்கிக் காட்ட நமக்கு அளவு, கனம், நிறம், இடைவெளி இவைதான் உண்டு. ஆங்கிலப் போஸ்டரை அப்படியே தமிழில் மாற்றினால் ஏன் சப்பென்று ஆகிறது என்று பிள்ளைகள் கேட்டால் இதுதான் முதல் காரணம்.

இன்னொன்று ஹாரி பெக். லண்டன் பாதாள ரயிலில் மின்சுற்றுப் படம் வரைகிற வேலையில் இருந்தவர். தடங்களை நேர்கோடாகவும் 45 பாகைச் சாய்வாகவும் மட்டும் வரைந்து, தூரத்தைக் கணக்கில் எடுக்காமல், எந்த ஸ்டேஷனுக்கு அடுத்து எது, எங்கே மாற வேண்டும் என்பதை மட்டும் காட்டினார். அந்தப் படம் 1933-ல் வெளிவந்தது. இன்றைக்கு ஊரூராக மெட்ரோ வரைபடம் அந்த வழியில்தான் வருகிறது. உங்கள் பிள்ளைகளிடம் பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி பஸ் தடங்களை அப்படி வரையச் சொல்லுங்கள். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று அவர்களே முடிவெடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

'கிராஃபிக் டிசைன்' என்ற பெயரை அமெரிக்க வடிவமைப்பாளர் டுவிகின்ஸ் எழுதியது 1922-ல். வேலை அதற்கு மிக முந்தியது, பெயர்தான் புதிது.

ஈய எழுத்து (செங்கோட்டை)

தம்பி, நான் முப்பத்தோரு வருசம் கம்போசிட்டர், அச்சகத்துல எழுத்துக் கோக்குதவன். இப்ப கண்ணு தெளிவில்ல, பேத்தி தட்டிக் கொடுக்கா. நான் சொல்லச் சொல்ல அவ எழுதுதா.

எங்க தொடங்கணும்னு கேட்டீங்க. கொல்லத்துல தொடங்குங்க. உங்க கேரளாவுல இருக்கிற அதே கொல்லம்தான். 1578 அக்டோபர் 20, 'தம்பிரான் வணக்கம்'னு 16 பக்கப் புத்தகம் அங்க அச்சாச்சு. அண்டிரிக் அடிகளாருன்னு நாம சொல்லுத என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் செஞ்சது. இந்தியாவுல இந்திய எழுத்துல அச்சான முதல் புத்தகம் அது, எழுத்து நம்ம தமிழ். அதுக்கான உலோக எழுத்தை 1577-ல கோவாவுல ஒருக்கா வார்த்தாங்க, 1578-ல கொல்லத்துலயே இன்னொருக்கா வார்த்தாங்க. முதல்ல வந்ததை வெச்சே ஓட்டிருக்கலாம்லா? மறுபடி ஏன் வார்த்தாங்க? எழுத்து கண்ணுக்குச் சரியா உக்காரணும்னு ஒருத்தர் மெனக்கிட்டிருக்காரு. அந்த மெனக்கிடுதலுக்குத்தான் நீங்க இப்ப டிசைன்னு பேரு வெச்சிருக்கீங்க.

அடுத்த வருசம் கொச்சியில ஒண்ணு, 1586-ல எங்க பக்கத்துப் புன்னைக்காயல்ல ஒண்ணு அடிச்சாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சு 1713 வாக்குல தரங்கம்பாடியில சீகன்பால்கு பாதிரியார் பிரஸ் போட்டாரு. ஜெர்மனியில ஹல்லே ஊர்ல இருந்து வந்த தமிழ் எழுத்து ரொம்பப் பெருசு. அந்த எழுத்துல பைபிள் அடிச்சா காகிதம் கட்டுபடியாகாது. அதனால இங்கயே சின்னதா வார்த்துக்கிட்டாங்க. காகித விலை எழுத்தோட அளவை முடிவு பண்ணுச்சு பாத்தீங்களா.

எங்க ஊரு முன்ன திருவிதாங்கூர், 1956-லதான் இந்தப் பக்கம் வந்துச்சு. எங்க தாத்தாவுக்கு ரெண்டு எழுத்தும் தெரியும். அதனால எனக்கு இது வேற ஊர்க் கதையாத் தெரியல.

பலகைக்காரர் மகன் (கொழிஞ்சாம்பாறை)

ஐயா, கொல்லம்னு படிச்சதும் நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. இத்தனை வருசம் இதே தொழில்ல இருந்தும் இதை யாரும் எனக்குச் சொல்லலை. கேஸ்ல எழுத்தை எடுத்துக் கோக்கிறதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன். நான் பேஜ்மேக்கர்ங்கிற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் காலத்துல வந்தவன்.

ஈய எழுத்து (செங்கோட்டை)

கேஸ்னா மரத்தட்டு, உள்ள சின்னச் சின்ன அறை. அறைக்கு ஒரு எழுத்து. ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூணும் கலந்து வார்த்தது, தொட்டா சில்லுனு இருக்கும். இடது கையில எழுத்தை வரியா அடுக்குத ஸ்டிக், வலது கை அறைக்கும் ஸ்டிக்குக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். எழுத்து கண்ணாடியில பார்க்கிற மாதிரித் திரும்பி இருக்கும். வரியைத் தலைகீழா வெச்சு, இடமிருந்து வலமாவே படிச்சுப் பழகணும். எனக்கு இன்னைக்கும் பேப்பரைத் திருப்பிப் பிடிச்சா வேகமா வாசிக்க வரும்.

இங்கிலீஷுக்கு ரெண்டு கேஸ் போதும். தமிழுக்கு அது காணாது. கு, கூ வரிசைக்கு மட்டும் முப்பத்தாறு வடிவம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. கு வேற சாடை, சு வேற சாடை, து வேற சாடை.

பழைய ணா, றா, னாவுல கால் தனியா நிக்காது. எழுத்தோடயே சுழிச்சுக்கிட்டுக் கீழ இறங்கும். ணை, லை, ளை, னை நாலுக்கும் முன்னாடி கொம்பு கிடையாது, தலைக்கு மேல யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்சு நிக்கும். இந்தப் பெட்டியில அதைத் தட்டிக் காட்ட முடியலன்னு பேத்தி சொல்லுதா. பெரியார் 1935-லயே 'குடி அரசு'ல அதை மாத்தி அடிச்சாரு. எம்.ஜி.ஆர் அரசாங்கம் 1978-ல ஆணை போட்டுச்சு. பதிமூணு எழுத்து மாறிச்சுன்னு பொதுவாச் சொல்லுவாங்க. ஆனா கேஸ் முன்னாடி நின்னவன் கணக்கு வேற. ணொ, ணோவுக்கு முன்னாடி கொம்பை வெச்சுட்டு அதே சுழிச்ச ணாவைத்தான் வெப்போம், அதுக்குன்னு தனி அறை கிடையாது. அதனால மிச்சமானது ஏழே ஏழு அறை: ணா, றா, னா, ணை, லை, ளை, னை. ஏழு அறைதானேன்னு நினைக்காதீங்க. 'இல்லை', 'நிலை', 'தலை', 'அவனை' வராத பக்கம் உண்டா? லை தீந்துபோச்சுன்னா ஃபர்மா, அதாவது அச்சுக்கு அடுக்குத பக்கக் கட்டு, அப்படியே நிக்கும். லைக்காக நான் அடிச்சு முடிச்ச பக்கத்தைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்து மிச்சத்தைக் கோத்திருக்கேன்.

நகரிக்காரி (நகரி)

ஐயா எழுதியதை இரண்டு தரம் படித்தேன். நான் நகரியில் விசைத்தறிப் புடவைகளுக்குப் பெட்டி, லேபிள் வடிவமைக்கிறேன். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, லேபிளில் இரண்டும்.

அண்ணா, ஒரே பெட்டியில் இரண்டு எழுத்து வைக்கும்போது நடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தெலுங்கு மாடி கட்டும் எழுத்து. மேலே தலைக்கட்டு என்ற குறி, கீழே ஒத்து என்ற துணையெழுத்து. இரட்டை மெய் வந்தால் இரண்டாவது எழுத்து முதல் எழுத்தின் காலடியில் போய் உட்காரும். அதனால் வரிக்கு வரி இடம் விட வேண்டும். தமிழில் மெய்க்குப் புள்ளி வைத்து வரிசையாக நிற்க வைப்போம், சொல் நீளமாகப் போகும். தெலுங்குக்குச் சரியாகக் கட்டம் போட்டால் தமிழ் இடம் போதாமல் மடங்கும். தமிழுக்குப் போட்டால் தெலுங்கின் கீழ் எழுத்து அடுத்த வரியின் தலையில் இடிக்கும். ஒரே பாயின்ட் அளவு கொடுத்தால் இரண்டும் ஒரே உயரமாகத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் தெலுங்கைக் கொஞ்சம் கூட்டுவேன். நான் வேலை செய்யும் மென்பொருளில் இதற்குப் பட்டன் கிடையாது.

எங்கள் பாட்டி தெலுங்கில் 'சந்தமாமா' படிப்பார், நான் தமிழில் 'அம்புலிமாமா'. இரண்டும் 1947-ல் சென்னையில் தொடங்கியவை, படங்கள் ஒன்றே. இரண்டு இதழையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைப்பேன். அதே வேதாளம், அதே விக்கிரமன், சங்கர் வரைந்தது. எழுத்து மட்டும் வேறு மாதிரி அந்தப் படத்தைச் சுற்றி வளைந்திருக்கும். படம் அசையாமல் நிற்க எழுத்து இடம் கண்டுபிடித்துக்கொள்கிறதே என்று அந்த வயதில் வியந்திருக்கிறேன். லேஅவுட் என்ற சொல்லைக் கேட்டதெல்லாம் பத்து வருடம் கழித்துத்தான்.

தெலுங்கில் பாபுவின் கையெழுத்து ஃபாண்டாகவே வந்து, கல்யாணப் பத்திரிகைகளில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் அந்த இடம் ஆதிமூலத்துக்கு. பத்திரிகைத் தலைப்புக்கும் புத்தக அட்டைக்கும் அவர் எழுதிய எழுத்தைத் தூரத்தில் பார்த்தாலே யாருடையது என்று தெரியும். இரண்டு பேருமே ஓவியர்கள். எழுத்தையும் படமாகவே வரைந்தார்கள்.

ஏலக்காட்டு டீச்சர் (குமுளி)

எழுத்து, எழுத்து என்றே போகிறதே! படத்தை விட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை முதலில் பார்ப்பது படத்தைத்தான்.

கிளிமானூரில் பிறந்த ரவிவர்மாவைச் சொல்லுங்கள். 1894-ல் அவரும் அவர் தம்பியும் பம்பாயில் லித்தோ அச்சகம் வைத்தார்கள், ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆளும் வரவழைத்து. லித்தோ வேலை செய்யும் விதத்தை வகுப்பில் செய்தே காட்டலாம். கல்லின் மேல் எண்ணெய்ப் பசை உள்ள மையால் வரைவார்கள், பிறகு கல்லை நனைப்பார்கள். வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். ஜெர்மனிக்காரர் செனஃபெல்டர் 1796 வாக்கில் கண்டுபிடித்த வித்தை. நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். ஒரு லட்சுமி படத்துக்குப் பல கற்கள், எல்லாம் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். நான் வகுப்பில் தட்டில் தண்ணீர் ஊற்றி நல்லெண்ணெய்ச் சொட்டு விட்டுக் காட்டுவேன், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அரண்மனைச் சுவரில் தொங்கிய ஓவியம் அந்த அச்சகத்தால் சாதாரண வீட்டுப் பூஜை அறைக்கு வந்தது. பிறகு அந்தச் சாமி முகங்கள் விளம்பரத்துக்கும் லேபிளுக்கும் காலண்டருக்கும் போயின. அங்கிருந்து நேரே கோவில்பட்டிக்கு வந்துவிடலாம். நாடகத் திரை எழுதிய கொண்டைய ராஜு காலண்டர் ஓவியத்துக்கு வந்து, அவரும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி ஊரெல்லாம் சுவரேறினார்கள். சிவகாசி அச்சுத்தொழில் வளர்ந்ததில் தீப்பெட்டி லேபிளுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு விரல் அகலத்தில் ஒரு மயில், ஒரு பெயர், ஒரு சிவப்பு. படிக்கத் தெரியாதவரும் "அந்த மயில் தீப்பெட்டி கொடு" என்று கேட்டு வாங்கும்படி இருக்க வேண்டும். லோகோ என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

கட்டம் போடுபவன் (குப்பம், இப்போது பெங்களூரு)

டீச்சர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தீப்பெட்டி எனக்குத் தோன்றாமல் போயிற்றே.

ஆனால் ஈய எழுத்து ஐயாவிடம் மரியாதையோடு ஒன்று கேட்க வேண்டும். எழுத்துச் சீர்திருத்தத்தை டிசைன் வரலாற்றில் சேர்க்கலாமா? அது அரசு ஆணை, மொழிக் கொள்கை. டிசைன் என்றால் கொடுத்த எழுத்தை வைத்து வேலை செய்வது. எழுத்தையே மாற்றுவது வேறு துறை இல்லையா? பிள்ளைகளுக்கு இரண்டையும் குழப்பிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஈய எழுத்து (செங்கோட்டை)

தம்பி நல்லாக் கேட்டீங்க. வீரமாமுனிவர் வர்றதுக்கு முன்ன எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் புள்ளிதான் வித்தியாசம். ஓலையில புள்ளி குத்தினா பொத்துக்கும்னு எழுதுதவங்க விட்டுருவாங்க. மெய்யா, எகரமா, ஏகாரமான்னு படிக்கிறவன் இடம் பார்த்து ஊகிச்சுக்கிடணும். அவரு ஒரு கோட்டை இழுத்துவிட்டாரு, கொம்புக்கு மேல ஒரு சுழி போட்டாரு. எ வேற, ஏ வேற, கெ வேற, கே வேறன்னு ஆயிருச்சு. படிக்கிறவன் தடுமாறாம இருக்க வடிவத்தை மாத்தினது டிசைன் இல்லேன்னா வேற எதுய்யா டிசைன்? நீங்க போன்ல பட்டனை இடம் மாத்தி வெக்கிறதும் அதுக்குத்தானே.

பலகைக்காரர் மகன் (கொழிஞ்சாம்பாறை)

நான் ஐயா பக்கம்தாங்க. எனக்கும் ஒரு சாட்சி இருக்கு.

எங்க ஊர்ல ஒரு பழைய அரிசி மில்லு. அதோட பலகை இப்ப என்கிட்ட இருக்கு, தகரம், மூணடிக்கு ஆறடி. அப்பா 1983-ல எழுதினது. பச்சைத் தரை, மஞ்சள் எழுத்து, இடது ஓரம் சிவப்பு நிழல். நேத்து இறக்கி ஈரத்துணியால துடைச்சுப் பார்த்தேன். சாக்பீஸ் தடவின நூலைக் கட்டி சுண்டிவிட்ட கோடு ஒரு இடத்துல பெயின்டுக்கு அடியில இன்னும் லேசாத் தெரியுது.

கீழ தமிழ்ல 'அன்னை'ன்னு இருக்கு. 1978 ஆணை வந்து அஞ்சு வருசம் ஆகியும் 'னை'க்கு மேல தும்பிக்கைதான். அந்த ஆணை தமிழ்நாட்டு ஆணை, எங்க ஊர் கேரளா. யாரும் அப்பாகிட்ட வந்து மாத்துன்னு சொல்லலை. மேல மலையாளம். 1971-ல கேரள அரசும் எழுத்தைச் சீர்திருத்தினாங்க. அச்சுக்கும் டைப்ரைட்டருக்கும் ஏத்த மாதிரி, ஏறத்தாழ 900 வடிவத்தை 90 வாக்குல கொண்டுவந்தாங்க. எழுத்தோட ஒட்டியிருந்த உகரக் குறியைப் பிரிச்சு வலது பக்கம் தனியா நிறுத்தினாங்க, கூட்டெழுத்துல பலதைப் பிரிச்சுட்டாங்க. ஆனா அப்பாவோட பலகையில உகரம் ஒட்டியேதான் இருக்கு, கூட்டெழுத்து கூட்டாவே இருக்கு. பன்னெண்டு வருசம் கழிச்சும்!

இன்னைக்குக் காலையில அப்பாகிட்டக் கேட்டேன். "பிரஷ்ஷைத் தூக்காம எழுதுற எழுத்தை எதுக்குத் தூக்கித் தூக்கி எழுதணும்? டைப்ரைட்டருக்குக் கஷ்டம், எனக்கு என்ன கஷ்டம்?"னார். அவ்வளவுதான் சொன்னார், மறுபடி டிவி பார்க்கப் போயிட்டார்.

மெஷினுக்காகப் பிரிச்சாங்க. கைக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால அது பிரிக்கலை. அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. 1999-ல 'ரசனா'ங்கிற பேர்ல ஒரு குழு பழைய மலையாள எழுத்து முழுசையும் ஃபாண்டாக் கொண்டுவந்தாங்க. எத்தனை கூட்டெழுத்து இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு ஒண்ணுதானே. இப்ப என் கடையில மலையாளத்துல வர்ற கல்யாண ஆர்டர்ல நிறையப் பேர் பழைய எழுத்துதான் கேக்கறாங்க.

கோட்டயத்துல பெஞ்சமின் பெய்லி கதையையும் சேத்துக்கப்போறேன். பாதிரியார், 1821-ல சிஎம்எஸ் மிஷனோட பிரஸ்ஸைத் தொடங்கினவர். மதராஸ்ல இருந்து வந்த மலையாள எழுத்து சதுரமா முரட்டுத்தனமா இருந்துச்சாம். தச்சரையும் தட்டாரையும் கூட வெச்சுக்கிட்டு அவரே உருண்டையா வெட்டி வார்த்தாராம். நகை செய்யற கையில பிறந்த எழுத்துன்னு சொன்னா எங்க பிள்ளைங்க கண்ணை விரிச்சுக் கேப்பாங்க.

கட்டம் போடுபவன் (குப்பம், இப்போது பெங்களூரு)

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. என் கேள்வியை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பலகையை வாசகசாலைக்குக் கொண்டு போங்கள். படம் எடுத்துக் காட்டினால் போதாது, தகரத்தையே கொண்டு போங்கள்.

கம்ப்யூட்டர் காலத்தையும் சேருங்கள். 1984-ல் மேக்கிண்டாஷ், அதன் திரையில் வரும் ஐகான் என்ற சின்னப் படங்களைக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக வரைந்தவர் சூசன் கேர். 1985-ல் லேசர் பிரின்டரும் பேஜ்மேக்கரும் சேர்ந்து வந்தன. அச்சுக்கோப்பு, படத்துக்கான பிளாக், லேஅவுட் என்று பல மேசைகளில் நடந்த வேலை ஒரே மேசைக்கு வந்தது அப்போதுதான்.

பலகைக்காரர் மகன் (கொழிஞ்சாம்பாறை)

அந்த மேசைக்கு நான் வந்து பட்டதையும் சொல்லிடறேன். 2004-ல ஒரு கல்யாணப் பத்திரிகை, 600 காப்பி. பேஜ்மேக்கர் ஃபைலை வெளியூர் ஆஃப்செட் பிரஸ்ஸுக்கு சிடியில அனுப்பினேன். கூடவே ஃபாண்டைப் போட விட்டுட்டேன். அப்ப ஒவ்வொரு கம்பெனித் தமிழ் ஃபாண்டுக்கும் ஒவ்வொரு குறியீடு. ஒருத்தர் 'க' வெச்ச இடத்துல இன்னொருத்தர் 'ச' வெச்சிருப்பார். அவங்க வேற ஃபாண்டுல திறந்து, தெரிஞ்ச வரைக்கும் சரிபண்ணி அடிச்சுட்டாங்க. கட்டுப் பிரிச்சுப் பார்த்தா எல்லாம் சரி, ரெண்டு சம்பந்தி பேருக்கு முன்னாடியும் 'ஸ்ரீ' மட்டும் இல்லை. வெறும் இடம். மறுநாள் காலையில குலதெய்வக் கோயில்ல வெச்சுப் பூஜை போடணும்னு பெண் வீட்டுக்காரங்க வந்துருவாங்க.

அப்பா எதுவும் கேக்கலை. நிப் பேனாவும் மரூன் மையும் எடுத்துட்டு வந்து உக்காந்தார். ஒரு பத்திரிகைக்கு ரெண்டு ஸ்ரீ, மொத்தம் ஆயிரத்து இருநூறு. விடிய நாலு மணிக்கு முடிச்சார். முதல் ஸ்ரீயையும் கடைசி ஸ்ரீயையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலை. அச்சு எது, கை எதுன்னு வாங்கினவங்களுக்கும் தெரியலை. அப்புறம்தான் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே குறியீடான யூனிகோடுக்கு மாறணும்னு வெறியா அலைஞ்சேன்.

நகரிக்காரி (நகரி)

இதை அப்படியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள் அண்ணா. ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். யூனிகோடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது, நம் கடைகளுக்கு வந்து சேரத்தான் இத்தனை வருடம் ஆனது. மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் செய்ததையும் சேருங்கள். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் அவருடையது, ஆப்பிள் கணினியில் வரும் இணைமதி எழுத்துருவும் அவர் வரைந்தது.

ஏலக்காட்டு டீச்சர் (குமுளி)

பெரிய பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகும் ஒரு கேள்வி உண்டு. "இப்போதுதான் ஏஐ கேட்டதை வரைந்து கொடுக்கிறதே, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என் வகுப்பில் கேட்டுவிட்டார்கள். சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நகரிக்காரி (நகரி)

டீச்சர், போன தீபாவளிக்கு ஒரு கடைக்காரர் ஏஐ போஸ்டர் ஒன்றைக் கொண்டு வந்தார். விளக்கு, பட்டு, பெண் முகம் எல்லாம் பிரமாதம். தமிழ் எழுத்து மட்டும் தமிழ் போலத் தூரத்தில் தெரிந்து, கிட்டே போனால் எந்த எழுத்தும் இல்லை. ழ-வின் வால் இருக்கிறது, உடம்பு இல்லை. அவருக்கு அது தெரியவில்லை, தெலுங்கு மட்டும் படிப்பவர். "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். நான் உட்கார்ந்து எழுத்தைத் தனியாகப் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு அந்த இயந்திரம் எழுத்தையும் கற்றுக்கொள்ளும். அப்போதும் தெலுங்குக்கு அடியில் தமிழ் மூச்சுவிட எவ்வளவு இடம் வேண்டும் என்று முடிவெடுக்க இரண்டையும் படிக்கிற ஒரு கண் வேண்டும். எல்லையில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கண் இனாமாகக் கிடைக்கிறது. வேலை நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இந்தக் கண்ணை வீணாக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

2010-ல் வந்த ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார் தமிழர். தமிழ் எழுத்து வடிவத்தை ஐஐடி பம்பாயில் ஆராய்ந்தவர். குறியில் இருப்பதோ தேவநாகரி ர-வும் ரோமன் ஆர் எழுத்தும் மேலே இரண்டு கோடும். ஓர் எழுத்தை ஆழமாகப் படித்தவருக்கு மற்ற எழுத்தும் பிடிபடும் என்பதற்கு அவரையே காட்டலாம்.

பலகைக்காரர் மகன் (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். ராத்திரி உக்காந்து வரிசை போட்டுட்டேன்.

முதல்ல மில்லுப் பலகை. மேசை மேல சாத்தி வெச்சு, எதுவும் பேசாம அஞ்சு நிமிசம் பார்க்கவிடுவேன். இன்னைக்கு எழுதற எழுத்துக்கும் இதுக்கும் எங்க வித்தியாசம்னு பிள்ளைங்களே தேடட்டும், தமிழ்ப் பிள்ளைங்க தமிழ்ல, மலையாளப் பிள்ளைங்க மலையாளத்துல. அப்புறம் கொல்லம், கோட்டயம், ரவிவர்மாவோட கல். டீச்சரோட தண்ணித் தட்டும் எண்ணெயும். நடுவுல பெக்கோட ரயில் படத்தைக் காட்டிட்டு பஸ் தடம் வரையவிடுவேன். பௌஹவுஸை தம்பி சொன்ன மாதிரி பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சண்டையா மட்டும் சொல்லப்போறேன். ஹெல்வெட்டிகா 1957-னு ஒரு வரி போதும். கடைசி இருபது நிமிசம் அப்பாவுக்கு. வர்றேன்னு இன்னைக்குச் சாயங்காலம்தான் ஒத்துக்கிட்டார். பீரோ மேல இருந்த துணியைப் பிரிச்சு பிரஷ்ஷெல்லாம் பார்த்தார். ரெண்டு பிரஷ் முடி கொட்டிப்போச்சு, நாலு தேறும்.

ஒரே குறை, ஈய எழுத்து மட்டும் காட்ட என்கிட்ட எதுவும் இல்லை.

ஈய எழுத்து (செங்கோட்டை)

அந்தக் குறை எதுக்கு தம்பி? பிரஸ் மூடும்போது எழுத்தெல்லாம் எடைக்குப் போச்சு. நான் ஏழு எழுத்தை மட்டும் வேட்டி மடிப்புல முடிஞ்சு எடுத்துட்டு வந்தேன். ணா, றா, னா, ணை, லை, ளை, னை. திருநீற்று டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்.

என் தங்கச்சி பேரன் பாலக்காட்டுல படிக்கான். ஞாயித்துக்கிழமை ராத்திரி பாலருவி வண்டியில கிளம்புதான், அவன்கிட்டக் கொடுத்துவிடுதேன். அது கொல்லம், கோட்டயம் வழியாத்தான் பாலக்காடு வரும். ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கிடுங்க. பிள்ளைங்க கையில கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. லை மட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கும், அதை முதல்ல கொடுங்க.